தோற்கிற அணிக்கு இரண்டு பேர்

என் அண்ணாவுக்குச் சிகரெட் இல்லை, குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. இருந்த ஒரே கெட்ட பழக்கம், கனடாவில் அவன் வாழ்ந்த நகரத்தின் ஐஸ் ஹொக்கி அணி. அந்த அணி தோற்கும். சும்மா தோற்காது, பார்க்கிறவனுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்குத் தோற்கும். அண்ணா அதை விடவில்லை. என்னையும் காதைப் பிடித்து இழுத்து அதற்குள் விட்டான்.

மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் குசினியில், காலை பதினொரு மணிக்கு அவனுடைய குரல் போன் ஸ்பீக்கரில் கேட்கத் தொடங்கும். அங்கே அது முதல்நாள் இரவு, ஆட்டம் தொடங்குகிற நேரம். உறைந்த மீனும் பட்டாணியும் கூரை வரை அடுக்கிய கோல்ட் ஸ்டோர் ஒன்றில் எனக்குப் பின்னேர வேலை. அதனால் என் காலைகள் அண்ணாவுக்கு. அரிசி வாளி மூடிக்கு மேல் டப்லெட்டைச் சாய்த்து வைத்து ஆட்டத்தைப் போட்டுவிட்டு நான் வெங்காயம் வெட்டுவேன். அங்கே அவன் கத்துவான். ஒளிபரப்பு எனக்குச் சில விநாடி பிந்தித்தான் வரும் என்பதால், எதிரணி கோல் போடப்போவது அவனுடைய கெட்ட வார்த்தையில் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மேல் அறையில் ஒரு திருச்சித் தம்பி இருந்தார். கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்துதான். கோப்பி போட இறங்கி வருகிறவர் டப்லெட்டை ஒருதரம் குனிந்து பார்ப்பார்.

"என்னண்ணே இது, பந்து எங்க இருக்குன்னே தெரியலையே?"

"பந்து இல்லை, அது ஒரு ரப்பர் வட்டு. எனக்கும் தெரியாது. அண்ணா கத்துற பக்கம் அது இருக்கும்."

"ஜெயிக்கிறாங்களா?"

ஸ்பீக்கரிலிருந்து அண்ணா பதில் சொல்லுவான். "தம்பி, வெல்லுற நாளில நாங்களே கூப்பிட்டுச் சொல்லுவம். இப்ப கோப்பியைக் குடியும்."

இந்த ஹொக்கிக் கதை எனக்குத் தொடங்கியது தடுப்பு முகாமில். அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து பிடிபட்டு, வழக்கு எப்போது, முடிவு எப்போது என்று தெரியாமல் கிடந்த காலம். அண்ணா போன் எடுப்பான். வழக்கைப் பற்றிக் கதைத்தால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம். அம்மாவைப் பற்றிக் கதைத்தால் அதைவிட மோசம். ஒருநாள் அவன் திடீரென்று, "எடேய், இதைக் கேள், எங்கட டீம் ரீபில்ட் தொடங்குது," என்றான்.

"அதென்ன கோதாரி?"

"கிழடுகளை எல்லாம் குடுத்துப்போட்டாங்கள். இனி முதலில இருந்து கட்டப் போறாங்கள். கொஞ்சக் காலம் நல்லாத் தோக்க வேணும். கடைசியில வாற டீமுக்குத்தான் வருசா வருசம் புதுப் பெடியங்களை எடுக்கேக்க முன்னுக்கு இடம் தருவாங்கள். அதுதான் ட்ராஃப்ட். எல்லாம் பதினெட்டு வயசுப் பெடியங்கள். அவங்கள் முத்தி வர அஞ்சு வருசம் ஆகும்."

"அஞ்சு வருசம் தோக்கிறதைப் பாக்கப் போறியோ?"

"பாக்கத்தான் வேணும். உன்ர அலுவலும் அதுக்குள்ள சரிவந்திடும். ரெண்டு பேருமா ஸ்ரேடியத்தில இருந்து பாப்பம்."

இரண்டும் சரிவரவில்லை. எனக்கு முகாமிலிருந்து வெளியே வர ஒரு தற்காலிக விசா, பிறகு இன்னொரு தற்காலிக விசா. அவுஸ்திரேலியாவை விட்டு வெளியே போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லாத விசாக்கள். அவனுடைய அணி முதல் ரீபில்டை நாசமாக்கி, மனேஜரை வீட்டுக்கு அனுப்பி, இரண்டாவது ரீபில்டைத் தொடங்கியது. அண்ணா கொஞ்சமும் கூச்சப்படாமல் மறுபடியும் அஞ்சு வருசம் என்றான்.

பழைய ட்ராஃப்ட்களை அவன் மறக்கவே மாட்டான். ஒவ்வொரு பருவமும், எதிரணியில் ஒரு குட்டையான வேகக்காரன் தோன்றும்போது ஒப்பாரி தொடங்கும். அந்தக் குட்டையன் இவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியவன். இவர்களுடைய முறை வந்தபோது அவனை விட்டுவிட்டு, ஆறடி ஐந்தங்குலத்தில் ஒரு தடுப்பாட்டக்காரனை எடுத்தார்கள். அந்த நெடுவல் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். குட்டையன் வேறு அணிக்குப் போய்க் கிண்ணம் தூக்கினான்.

"உயரத்தைப் பாத்து எடுத்தாங்கள், விசரன்கள்! விளையாட்டைப் பாக்கேல்ல. லைற் போஸ்ற்றுக்கோ ஆள் எடுத்தவங்கள்?"

இன்னொரு வருடம் ஐரோப்பாவிலிருந்து ஒரு கோல் காப்பாளனை எடுத்தார்கள். அந்தப் பெடியன் நடு மாரிக் குளிரில் வீட்டை நினைத்து அழுது, ஆடைகளைக்கூட எடுக்காமல் திரும்பிப் போய்விட்டானாம். அணியின் ரசிகர்கள் எல்லாம் அவனைத் திட்டினார்கள். அண்ணா அவனை மட்டும் ஒருநாளும் திட்டவில்லை. அந்தப் பேச்சு வந்தால் பேச்சை மாற்றிவிடுவான்.

எங்கள் வீட்டிலும் ஒரு ட்ராஃப்ட் நடந்தது. ஊரில் போர் நடந்த காலம். இரண்டு பெடியன்களில் ஒருவனைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலை. அண்ணாவுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதின்மூன்று. அப்பா எங்கள் இரண்டு பேரையும் முற்றத்தில் நிற்கவைத்துப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. சந்தையில் மாடு பார்க்கிற பார்வை. "மூத்தவன்ர உடம்பு குளிர் தாங்கும். சின்னவனுக்கு இழுப்பு," என்றார். அவ்வளவுதான், முடிந்தது. அண்ணா போனான். நான் இழுப்போடு, இரவெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு, ஊரில் இருந்தேன்.

"அப்பாவும் உயரத்தைப் பாத்துத்தான் எடுத்தவர்," என்று அண்ணா சொல்லிச் சிரிப்பான்.

"அந்த இழுப்புக்காரன்தான் இப்ப உறைஞ்ச மீனுக்கு நடுவில நிண்டு வேலை செய்யிறான். குளிர் தாங்கிற நீ ஹீற்றருக்குப் பக்கத்தில குந்தியிருந்து ஹொக்கி பாக்கிறாய். அப்ப ஆரைப் பிழையா எடுத்தது?"

"உன்னை லேற்றா எடுத்ததுதான் பிழை," என்பான்.

அப்பா செத்தபோது அண்ணாவுக்கு அங்கே இன்னும் வதிவிடப் பேப்பர் கிடைக்கவில்லை. வெளிக்கிட்டால் திரும்ப முடியாது. அம்மா எங்களை எல்லாம் கூப்பிட்டு, அவனுக்குச் சொல்லக்கூடாது என்றார். "சொல்லி என்ன? அவனால வர ஏலாது. அங்க தனிய இருந்து தலையில அடிச்சுக்கொண்டு கிடப்பான். எல்லாம் முடியட்டும்." எங்கள் சனத்தின் வழக்கம் இது. வர முடியாதவனுக்குச் சாவைச் சொல்லமாட்டார்கள், வருத்தத்தைச் சொல்லமாட்டார்கள். அது இரக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் சொன்னோம். அண்ணா போனில் கத்தியது, நாங்கள் போன் பேசப் போயிருந்த கடைக்கு வெளியே வரை கேட்டது. அப்பாவுக்காக அழுததைவிட, நாங்கள் ஒளித்ததற்குத்தான் கூட அழுதான். பிறகு என்னைக் கேட்டான். "டேய், நீ சொல்லு. நீ இனி எனக்கு ஒண்டும் ஒளிக்கமாட்டாய் தானே?"

"மாட்டன்," என்றேன். "நீயும் ஒளிக்கப்பிடாது."

"ஓம்," என்றான்.

அவன் ஊரை விட்டுப் போன பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை. அவன் அங்கே தலையெடுக்க வருடங்கள் போயின. பிறகு கலியாணம், மகள், வேலை. ஒருமுறை மெல்பேர்னுக்கு வர டிக்கெற் எடுத்தான். எனக்கு அந்த அணியின் சட்டை, திருச்சித் தம்பிக்கு மேப்பிள் பாணிப் போத்தல் என்று பெட்டி கட்டி வைத்திருந்தான். தொற்று வந்தது, எல்லைகளை மூடினார்கள். டிக்கெற் போனது. சரி, அடுத்த வருடம் என்றான். அதற்கு அடுத்த வருடம் என்றான்.

நான் ஒருமுறை அவனுக்கு நல்ல செய்தி சொன்னேன். விசா நேர்காணல் மிக நன்றாகப் போனது, அதிகாரி சிரித்துக் கைகொடுத்தார் என்று. அண்ணா அடுத்த நாளே கடைக்குப் போய் எனக்கு ஒரு குளிர் கோட்டும் பூட்ஸும் வாங்கிவிட்டான். போட்டோ அனுப்பினான். அந்த வழக்கு நிராகரிக்கப்பட்டது. நான் அதைச் சொன்னபோது, "சரி, பரவாயில்லை," என்றுதான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆட்டங்களுக்கு அவன் போன் எடுக்கவில்லை. அண்ணிதான் சொன்னார். வேலையால் வந்தால் காரைவிட்டு இறங்காமல் கராஜுக்குள்ளேயே இருக்கிறாராம். இனி விமானத்தில் ஏறி இருக்கும்வரை அண்ணாவுக்கு எதையும் சொல்வதில்லை என்று அன்றைக்கு நான் முடிவெடுத்தேன். எனக்கு அவனுடைய அந்தக் கராஜ் தாங்கவில்லை.

கடைசியில் சட்டம் மாறியது. என்னைப்போன்றவர்களுக்கும் நிரந்தர விசா கொடுக்கத் தொடங்கினார்கள். கோல்ட் ஸ்டோரின் சாப்பாட்டு அறையில், தடித்த கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு நான் அந்த ஈமெயிலைத் திறந்தேன். வாசித்தேன். திரும்ப வாசித்தேன். பக்கத்தில் இருந்த வியட்நாம்காரர் நான் அழுவதைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தன் தேநீரை என் பக்கம் தள்ளிவைத்தார்.

வீட்டில் திருச்சித் தம்பிக்கு மட்டும் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். "ஃபோனப் போடுங்கண்ணே! முதல்ல உங்க அண்ணனுக்குச் சொல்லுங்க."

"இல்லை. இன்னும் பயணப் பத்திரம் எடுக்க வேணும். பிறகு கனடா விசா. அவங்கள் மாட்டன் எண்டால்? எல்லாம் கைக்கு வரட்டும்."

"சந்தோஷமான விஷயத்த யாராச்சும் ஒளிப்பாங்களா?"

"நாங்கள் ஒளிப்பம்," என்றேன். அடுத்த ஞாயிறு அவருடைய காரில் த பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். மழை. சிதறு தேங்காய் நனைந்த நிலத்தில் விழுந்து நாலாபக்கமும் பறந்தது. பிள்ளையாரிடம் நான் கேட்டது ஒன்றுதான். ஒக்டோபரில், பருவத்தின் முதல் ஆட்டத்தன்று, அண்ணா வீட்டுக் கதவை நான் தட்ட வேண்டும். அவன் கதவைத் திறக்க வேண்டும். நான், "தள்ளு, ஆட்டம் தொடங்கீட்டுது," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்க் கதிரையில் இருக்க வேண்டும். மாதக்கணக்காக அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே மீன் பெட்டிகளை அடுக்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மாசி மாதம் அண்ணா, தன் போன் கமரா பழுதாகிவிட்டது என்றான். இனிக் குரல் மட்டும்தான். கத்துவதும் குறைந்தது. தடிமன், இருமல் என்றான். அந்த ஊர்க் குளிருக்கு அது புதிதில்லையே என்று நான் கணக்கெடுக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் இருக்கிறது. அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்வதற்குக் கடைசி நாள். ரீபில்ட் செய்கிற அணி அன்றைக்கு வயதானவர்களைக் கொடுத்துவிட்டு, வருங்கால ட்ராஃப்ட் உரிமைகளை, அதாவது 'பிக்'குகளை, வாங்க வேண்டும். இதை எனக்குப் படிப்பித்ததே அண்ணாதான். அன்றைக்கு அவன் சொன்னதைக் கேட்டு நான் வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"உந்தப் பெடியங்கள் எல்லாரையும் குடுக்க வேணும். அடுத்த வருச பிக், அதுக்கடுத்த வருச பிக், எல்லாத்தையும் குடுத்து, முப்பத்தஞ்சு வயசெண்டாலும் பரவாயில்லை, விளையாடத் தெரிஞ்ச ரெண்டு பேரை எடுக்க வேணும். இந்த வருசமே."

"உனக்கென்ன விசரோ? இவ்வளவு காலம் தோத்து இப்பதான் நாலு நல்ல பெடியங்கள் வந்திருக்கிறாங்கள். அவங்களைக் குடுக்கச் சொல்லுறாய்?"

"ஒருக்கா வெண்டாக் காணும்."

"அண்ணா, நீதானே சொன்னனி, பொறுக்க வேணும் எண்டு?"

"பொறுத்தது காணும்!"

"உனக்குப் பொறுமை இல்லையெண்டால் வேற டீமைப் பார். போ. வெல்லுற டீமா ஒண்டைப் பிடி."

ஸ்பீக்கரில் வர்ணனையாளரின் குரல் மட்டும் கேட்டது. பிறகு, "ஓம், எனக்குப் பொறுமை இல்லை," என்றான். நான் சிரித்தேன். கிழவனாகிறான், சிடுசிடுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு அணி யாரையும் கொடுக்கவில்லை. மனேஜர் சரியான வேலை செய்தார் என்று நான் அவனைச் சீண்டினேன்.

வைகாசியில் எனக்குக் கனடா விசா வந்துவிட்டது. அன்றைக்கே ஏறியிருக்கலாம். முதலாளி லீவு தரமாட்டேன் என்று சொல்லவில்லை, என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. நான் ஒக்டோபருக்கு டிக்கெற் எடுத்தேன். முதல் ஆட்டம், கதவு, கதிரை.

ஆனி மாதக் கடைசியில் ட்ராஃப்ட். அங்கே வெள்ளி இரவு, இங்கே சனி காலை. ஜன்னலுக்கு வெளியே பொயிண்ட் குக் முழுவதும் மூடுபனி, பக்கத்து வீட்டு ட்ரம்போலின் மட்டும்தான் தெரிந்தது. அண்ணா போன் எடுக்கவில்லை. என்னோடு இன்னும் கோபம் என்று நினைத்தேன். எங்கள் முறை வந்தது. மேடையில் ஒருவர் பெயரை வாசித்தார். எழுந்து வந்தது ஒரு குட்டையான பெடியன், கோட் கை நீளமாக இருந்தது. அந்த வருடப் பெடியன்களில் அதிவேகக்காரன் என்று சொன்னார்கள். நான் குசினிக்குள் துள்ளிக் குதித்தேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு உயரத்தைப் பார்க்காமல் ஒருவனை எடுத்திருக்கிறார்கள். உடனே அண்ணாவுக்கு அடித்தேன். நீண்ட நேரம் மணி அடித்த பிறகு அண்ணி எடுத்தார்.

"அண்ணி, அவனிட்டக் குடுங்கோ. குட்டையனை எடுத்திட்டாங்கள்!"

"தம்பி..." என்றார் அண்ணி. பின்னால் ஏதோ இயந்திரம் பீப் பீப் என்று சத்தம் போட்டது. "தம்பி, நாங்கள் ஹொஸ்பிற்றல்ல நிக்கிறம்."

மாசியில் தெரியவந்ததாம். ஈரலில் கான்சர், பரவிவிட்டது. தம்பிக்குச் சொல்லக்கூடாது என்று அண்ணா எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். "'அவனால வர ஏலாது. அங்க தனிய இருந்து தலையில அடிச்சுக்கொண்டு கிடப்பான்' எண்டு சொன்னவர்," என்றார் அண்ணி. அம்மாவின் சொற்கள், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். "அண்ணி, எனக்கு விசா கிடைச்சிட்டுது. கனடா விசாவும் வந்திட்டுது. வைகாசியில வந்தது. ஒக்டோபருக்கு டிக்கெற் இருக்கு. அவனுக்குச் சொல்லாமல் வந்து நிப்பம் எண்டு..."

அண்ணி பெரிதாக அழத் தொடங்கினார். "ஏன் தம்பி சொல்லேல்ல? வைகாசியில எழும்பி இருந்து சாப்பிட்டவர். வாசல் வரைக்கும் நடந்தவர்."

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

யார் யாரைத் திட்டுவது? அண்ணி போனை அவனுடைய காதில் வைத்தார். மூச்சு கேட்டது. "அண்ணா, நான் வாறன். விசா வந்திட்டுது. நாளைக்கே வாறன்," என்றேன். மூச்சு மட்டும்தான். எங்களுக்கு எப்போதும் தெரிந்த ஒரே பேச்சைப் பேசினேன். "ட்ராஃப்ட் முடிஞ்சுது அண்ணா. எங்கட முறையில ஆளை எடுத்திட்டாங்கள்."

நீண்ட நேரத்துக்குப் பிறகு, மிகத் தூரத்திலிருந்து வருகிற மாதிரி, அவன் கேட்டான். "நெட்டையனோ?"

"இல்லை அண்ணா. குட்டையன். நல்ல வேகம்."

"ம்," என்றான். அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அவனிடமிருந்து நான் கேட்ட கடைசிச் சத்தம் அது.

திருச்சித் தம்பிதான் ஒக்டோபர் டிக்கெற்றை மாற்றிக் கொடுத்து, என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். பசிபிக் கடல் முடியவே இல்லை. இறங்கி வெளியே வந்தபோது அண்ணாவின் மகள் நின்றாள். வீடியோவில் குழந்தையாகத் தொடங்கியவள், இப்போது என்னைவிட உயரம். "சித்தப்பா, ஐ'ம் ஸோ ஸொறி," என்றாள். அண்ணா போய்விட்டான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் நான் அண்ணாவை நேரில் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படலையில் பையோடு நின்று திரும்பிப் பார்த்தவனை, அதற்குப் பிறகு முதல்தடவையாக அங்கேதான் பார்த்தேன். பெரிய உடம்பு, குளிர் தாங்கும் என்று அப்பா எடுத்த உடம்பு, பெட்டிக்குள் பாதியாகக் கிடந்தது. கையைத் தொட்டேன். குளிரில்தான் எனக்குத் தினமும் வேலை, ஆனாலும் கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன். பிறகு வெட்கப்பட்டு மறுபடியும் பிடித்தேன். அவர்கள் மூடவேண்டும் என்று சொல்லும்வரை விடவில்லை. தகன அறையில் மகளும் நானும் சேர்ந்துதான் பொத்தானை அழுத்தினோம்.

அவனுடைய வீட்டில், டிவிக்கு முன்னால் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்று நசிந்து, தோல் வெடித்துப்போனது. மற்றது புதிது மாதிரி. அலுமாரியில் அந்தக் குளிர் கோட், விலைச்சீட்டு வெட்டிய நூலோடு அப்படியே தொங்கியது. போட்டுப் பார்த்தேன். தோளில் இறுக்கியது, கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. வீடியோவில் அவன் பார்த்ததெல்லாம் என் முகத்தை மட்டும்தான். உடம்புக்கு, படலையில் விட்டுவிட்டுப் போன இழுப்புக்காரப் பெடியனைத்தான் மனதில் வைத்து அளவு எடுத்திருக்கிறான்.

பங்குனிச் சண்டையை நான் அண்ணிக்குச் சொன்னேன். வேற டீமைப் பார் என்று சொல்லிவிட்டேன் அண்ணி, அவனுக்குச் சாகமுன்னம் ஒருதரம் வெற்றியைப் பார்க்க ஆசையாக இருந்திருக்கிறது, நான் விளங்காமல் நக்கலடித்துவிட்டேன் என்று அழுதேன். அண்ணி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. அவர் தனக்காகக் கேக்கேல்ல. தனக்கு அடுத்த வருசம் இல்லையெண்டு அவருக்குத் தெரியும். அண்டைக்கு உங்களோட கதைச்சு முடிச்சுப்போட்டு என்னட்டச் சொன்னவர். 'நான் போன பிறகு அவன் அங்க தனிய இருந்து தோக்கிறதைப் பாக்கப் போறான். ரெண்டு பேர் எண்டால் தோக்கலாம். தனிய ஏலாது. அதுக்கு முதல் இவங்கள் ஒருக்கா வெண்டிட்டால் நல்லது' எண்டு."

ஒக்டோபரில் பருவம் தொடங்கியது. நான் கதவு தட்டுவதற்கென்று வைத்திருந்த நாள். பொயிண்ட் குக் குசினியில் அரிசி வாளி மூடிக்கு மேல் டப்லெட்டை வைத்தேன். அங்கிருந்து கொண்டுவந்த குளிர் கோட்டைப் பக்கத்துக் கதிரையில் மாட்டியிருந்தேன், எனக்குப் போட முடியாவிட்டாலும். குட்டையன் இன்னும் அணிக்கு வரவில்லை. முத்தட்டும் என்று கீழ் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். எதிரணி கோல் போட்டது. எனக்கு முன்கூட்டியே தெரியவில்லை. இப்போதெல்லாம் கோல் விழும்போதுதான் எனக்குத் தெரிகிறது.

திருச்சித் தம்பி கோப்பிக்கு இறங்கி வந்தவர், கோப்பி போடாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகக் கேட்டார். "இவங்க ஜெயிக்க இன்னும் எத்தன வருஷம் ஆகும்ணே?"

"அஞ்சு வருசம்," என்றேன்.

அவர் கோட்டைப் பக்குவமாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதிரையில் இருந்தார்.